பொன்னேரி வீட்டுக்குக் கட்டும் வட்டி

“நீ கட்ற வட்டிக்கு கெவர்மெண்டு இன்னாத்துக்கும்மா வரியைக் கொறைக்கணும்? உன் தலையில நல்லா மொளகா அரைக்கிறானுங்க.”

வங்கிக் கடனில் பொன்னேரியில் வீடு வாங்கியபோது நைனா, என் அப்பா, சொன்னது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சென்னையில் என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியைப் பார்த்தால் எங்கள் மீனவக் குப்பத்தில் மயக்கம் போட்டு விழுவார்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் கடன் வட்டி மொத்தமும் சம்பளத்தில் கழிந்துவிடும், வரி பாதியாகும் என்று அடித்துச் சொன்னேன். அந்த மிச்சத்தை நம்பித்தான் தவணையே. அது வராவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். பார்க்கலாம் என்று நைனா வலையை உதறினார்.

குடிவைக்கும் பொறுப்பை அவரிடமே விட்டேன். பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் இரண்டு வந்தன. வருஷம் முடிந்ததும் ஆடிட்டர் வாடகை ஒப்பந்தம் கேட்டார். நைனாவுக்கு போன் செய்தால், ஒப்பந்தம் எதற்கு, பாடு போட்டிருக்கிறேனே என்கிறார்.

நைனா மீன் பிடிக்கும் ஏரியில் நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் முறை வைத்து மாற்றிக்கொள்வதுதான் பாடு. வீட்டையும் அவர் அப்படியே நடத்தியிருந்தார். முன்பக்கம் காற்று வரும், பின்பக்கம் அனல். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரு குடும்பமும் இடம் மாறும். முன்பக்கம் இருப்பவர்கள் வாடகை கூடுதலாகக் கொடுப்பார்கள். வியாபாரம் படுத்தால் இருவருமே குறைத்துக் கொடுப்பார்கள். ஒரு மாத வாடகை இறாலாக வந்திருக்கிறது. அதை நானும் வறுத்துச் சாப்பிட்டிருக்கிறேன், வாடகை என்று தெரியாமல்.

ஆடிட்டர் சிரித்தார். நான் நினைத்ததும் தப்பு என்றார். பழைய வரி முறையிலேயே, வாடகையை மிஞ்சும் வட்டியில் வருஷத்துக்கு இரண்டு லட்சம்தான் சம்பளத்தில் கழியும். மீதி அடுத்த வருஷங்களின் வாடகை வருமானத்தில்தான் கழியும். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“குடியே இல்லன்னு போட்டுடுங்க மேடம். சொந்த உபயோகத்துக்குன்னாலும் அதே ரெண்டு லட்சம் கழியும். யார் வந்து பாக்கப் போறாங்க?”

அந்த வாரம் எனக்கு நிலைகொள்ளவில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பேன், மனம் பொன்னேரியில் இருக்கும். அங்கே இரண்டு அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் வாசலில் பையை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். ஒருவரும் இல்லை என்று நான் எழுத வேண்டுமாம். உண்மையை எழுத வேண்டுமானால் வாடகை என்று மாறாத ஒரு தொகை வேண்டும். அதைக் கேட்டால் அவர்கள் காலி செய்யலாம். வீடு பூட்டிக் கிடந்தால் தவணைக்கு எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். நான் அடித்துச் சொன்னது தப்பு, இரண்டு லட்சம்தான் கழியும் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் கொஞ்சம் தோன்றுகிறது. நைனா சிரிக்கவில்லை. ஒப்பந்தம் என்றதும்தான் முகம் மாறியது.

“அவங்க இன்னா வெளியாளுங்களா? பத்திரத்தை நீட்டுனா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?”

“இருக்கும் நைனா. எழுதலன்னா வீடு நம்ம கையில நிக்காது.”

“அப்ப பாடு?”

“இடத்தை மாத்திக்கட்டும். எந்தப் பக்கம் இருந்தாலும் வாடகை ஒண்ணுதான்.”

நீயே போய்க் கேளு, நான் வரமாட்டேன் என்றார்.

கேட்டேன். ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டது. இன்னொரு குடும்பத்து அக்கா, படிச்சவ புத்தியைக் காட்டிட்டே என்று சொல்லிவிட்டு, யோசிக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறாள். அவள் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. ஒப்பந்தம் இனி வரும் வாடகைக்குத்தான். அந்தத் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்கு என்ன வாடகை வருமோ விசாரித்து, அதையே போன வருஷ வருமானமாகப் போட்டு, வீடு வாடகைக்கு விடப்பட்டது என்று குறித்து, நேற்றே ரிட்டர்னை அனுப்பிவிட்டேன்.