ரெண்டு புதுப்பொண்ணு

கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் அவளைப் "புதுப்பொண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார். காதோரம் நரைத்து, படிக்கக் கண்ணாடி போட்ட பிறகும் அவள் புதுப்பொண்ணுதான். போன மாதம் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, நிஜமான புதுப்பொண்ணு ஒருத்தி வீட்டுக்குள் வந்தபோதுதான் குழப்பம் பிறந்தது. மாமனார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தால் இரண்டு பேரும் எழுந்தார்கள். இல்லாவிட்டால், மற்றவள் போவாள் என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவளின் அலுவலகம் சமையலறைக்கு அடுத்த சின்ன அறை. இஸ்திரி போடும் மேசைதான் அவள் மேசை. ஒரு பக்கம் மடிக்காத துணி, மறுபக்கம் மடிக்கணினி. ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் விற்கும் இணையதளத்தை அங்கிருந்தே பார்த்துக்கொண்டாள். அது ஓடும் லினக்ஸ் சர்வர் பழையது. செய்தவர்களே கைகழுவிவிட்ட பதிப்பு. "ஓடற வரைக்கும் ஓடட்டும்மா" என்பது முதலாளியின் கொள்கை. பஸ்ஸுக்கும் அதே கொள்கைதான்.

இணையதள முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் ஒன்று தெரியுமே, அது பாதுகாப்புச் சான்றிதழ் இருப்பதன் அடையாளம். சான்றிதழ் காலாவதியானால் பூட்டு போய், 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று திரை முழுக்க எச்சரிக்கை வரும். அப்புறம் யார் கார்டு நம்பரைத் தட்டுவார்கள்? அன்று சாயங்காலம் விடுமுறை டிக்கெட் விற்பனை. சான்றிதழோ முந்தின ராத்திரியே காலாவதியாகிவிட்டது. சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பித்துக்கொள்ளும் கருவி ஒன்றை சர்வரில் நிறுவிவிட்டால் தொல்லை விட்டது என்று காலையிலேயே உட்கார்ந்தாள். "அரை மணி நேர வேலை சார்" என்று முதலாளியிடம் சொல்லியும் வைத்தாள். நாக்கில் சனி.

கருவியின் புதுப் பதிப்பு, இவ்வளவு பழைய சர்வரில் குடியிருக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. சரி, மென்பொருள்களை இறக்கிப் போடுவதற்கென்று சர்வரோடு வந்த நிறுவி இருக்கிறதே, அதை வைத்துப் பழைய பதிப்பைப் போடலாம் என்று பார்த்தால், அந்த நிறுவி 'இலக்கணப் பிழை' என்று ஒரு வரியைத் துப்பிவிட்டுப் படுத்துக்கொண்டது. இத்தனை வருஷம் ஓடிய நிரலில் இன்றைக்கு என்ன புதிதாக இலக்கணப் பிழை? கோப்பு கெட்டிருக்கும் என்று நல்ல பிரதி ஒன்றைத் தேடி வைத்தாள். அதே வரி. சர்வரையே அணைத்துப் போட்டாள். அதே வரி.

முதலாளி போன் செய்தார். "என்னம்மா, உன் அரை மணி இன்னும் முடியலையா?"

"கிட்ட வந்துட்டேன் சார்."

"சாப்பிட்டுட்டு வந்து பாப்பேன். ஆகலைன்னா வெளியாளுங்க கிட்ட மொத்தமா குடுத்துடறேன். கோவிச்சுக்காத."

அந்த ஒரு சர்வர்தான் அவளுடைய வேலை முழுவதும். அது போனால் அந்த மேசை வெறும் இஸ்திரி மேசையாகிவிடும்.

கூடத்தில் மாமனார் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் குரல் கொடுத்தார். "புதுப்பொண்ணே! அதைக் கொண்டாம்மா!"

அவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் வெள்ளை மாத்திரையில் பாதி. உடைத்துக் கொடுப்பது பெரியவள். இன்று ஓடியது சின்னவள்.

"எதை மாமா?"

"வழக்கமா குடுக்கறதுதான்."

"வழக்கம்னா?"

"அட, தினம் குடுக்கறியேம்மா!"

"நான் வந்தே ஒரு மாசம்தானே மாமா ஆகுது. எதுவும் குடுத்ததே இல்லையே!"

ஆனாலும் எதையோ தேடி எடுத்து வந்தாள். தைல பாட்டில். மாமனார் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதை முழுங்கச் சொல்றியா?"

உள்ளே பெரியவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கூப்பிட்டது பழைய ஆளை. வந்தது புது ஆள். பெயர் ஒன்று!

விரல்கள் பறந்தன. அந்த நிறுவி, பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பில் எழுதியது. அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் யாரோ, வசூல் அறிக்கை நிரலுக்காகப் புதுப் பைத்தானைக் கொண்டுவந்து, 'பைத்தான்' என்ற பெயரையும் அதன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்கப்புறம் நிறுவியை யாரும் எழுப்பவேயில்லை. நிறுவி பழையதை நினைத்துக் கூப்பிடுகிறது. புதியது வந்து நின்று, நீ பேசுவதே தப்பு என்கிறது.

"மாட்டிக்கிச்சு! ரெண்டு பைத்தான் இருக்கு!"

"யாரும்மா பைத்தியம்?" என்றார் மாமனார்.

"பைத்தான், மாமா!"

"ஐயோ, மலைப்பாம்பா அக்கா?" சின்னவள் நாற்காலியில் ஏறியே விட்டாள்.

வெறும் பெயரைப் பழையதற்கே திருப்பிக் கொடுத்தாள். அறிக்கை நிரலின் முதல் வரியில், புதியதை அதன் எண்ணோடு முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி எழுதினாள். நிறுவி எழுந்து உட்கார்ந்தது. எழுந்ததும், மென்பொருள் சரக்கை இறக்கும் இணையக் கிடங்கைக் காணோம் என்று அழுதது. அது தெரிந்த வியாதி; பழைய பதிப்புகளுக்கான கிடங்கின் முகவரியைக் கொடுத்தாள். வரி வரியாக ஓட ஆரம்பித்தது. சின்னவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கருவி சர்வரில் குடியேறியது. சான்றிதழ் கேட்டது. யோசித்தது.

"வந்துடுச்சா அக்கா?"

"கண்ணு வைக்காதடி, இரு."

பக்கத்தைப் புதுப்பித்தாள். மூலையில் பூட்டு. குண்டுமணி அளவு, அவ்வளவு அழகு! "வந்துடுச்சுடி!" இரண்டு பேரும் கத்திய கத்தலில் மடிக்காத துணியெல்லாம் தரைக்கு வந்தது.

முதலாளிக்குப் போன் போட்டாள். "சார், பூட்டுப் போட்டாச்சு!"

"பூட்டா? ஐயோ, சாயங்காலம் தெறக்கணுமேம்மா!"

"பூட்டு இருந்தாத்தான் சார் கடையே தெறக்கும்."

"சரி சரி. அடுத்த தடவையும் இப்படித்தான் உயிரை வாங்குமா?"

"இனிமே தானா புதுப்பிச்சுக்கும்."

"அப்போ உனக்கு என்னம்மா வேலை?"

"அந்தக் கிழட்டு சர்வரை மாத்தற வேலை. நாளைக்கே ஆரம்பிக்கணும்."

ஓடற வரைக்கும் என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தாள். "எவ்வளவு நாள் ஆகும்?" என்றார். "அரை மணின்னு மட்டும் சொல்லாத."

கூடத்தில் தொண்டை செருமும் சத்தம். கையில் தைல பாட்டிலோடு மாமனார் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, என் வழக்கம் என்னாச்சு?"

"யாரைக் கூப்பிடறீங்க மாமா? முழுப் பேரைச் சொல்லுங்க, அப்பதான் வருவோம்."

அவர் யோசித்தார். பிறகு வீடே அதிரக் கூப்பிட்டார்.

"பழைய புதுப்பொண்ணே!"

இந்த முறை ஒருத்திதான் எழுந்தாள்.