சுட்டிக்கு நான் வாசித்த மருந்து

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டி வாசித்தவள் நான். ஆறாம் வகுப்பில் அந்தத் தலைக்கனம் புத்தகப் பையை விடப் பாரமாக இருந்தது. ஜெயபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக்குக் கடிதமோ படிவமோ வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் உடனே வாசிக்க மாட்டேன். கையைக் கழுவி, கதிரையில் ஏறி இருந்து, தொண்டையைச் செருமிய பிறகுதான் வாசிப்பேன்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அரசாங்கக் கந்தோரில் யாராவது தாளை நீட்டினால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன், நீங்களே வாசியுங்கோ" என்பார். அப்பாவிடம் கண்ணாடி என்ற ஒன்று இருந்ததே இல்லை.

அந்த மாரி முடிவில் எங்கள் ஆடு சுட்டி மெலிந்துகொண்டே போனது. வயிற்றில் குட்டி, கழிச்சல் வேறு. முதல் குட்டி எனக்குத்தான் என்று அம்மா சொல்லியிருந்தார். பூச்சி மருந்து கொடுக்கச் சொல்லி யாரோ சொல்ல, அப்பா கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். அதில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை, எல்லாம் ஆங்கிலம். நான் அசரவில்லை. தேடிப் பிடித்துவிட்டேன்: பத்துக் கிலோவுக்கு ஐந்து மில்லி.

"சுட்டி எவ்வளவு நிறை அப்பா?"

அப்பா ஆட்டை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிப் பார்த்தார். "ஒரு அறுபது வரும்."

"அப்ப முப்பது மில்லி."

"பாருங்கோவன் டொக்டரம்மாவை" என்று அம்மா சிரித்தார்.

ஊசி கழற்றிய சிறிஞ்சால் அப்பா மருந்தைக் கடைவாயில் விட்டார். சுட்டி தலையை உதறியதில் கொஞ்சம் அவர் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது.

"சிந்தினது கணக்கில வராது. முழுசா இன்னொருக்காக் குடுங்கோ."

"காணும் பிள்ளை."

"போத்தல்ல போட்டிருக்கிறதைத்தான் நான் சொல்லுறன்."

போத்தலில் அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆனால் அப்பா எழுத்தோடு ஒருநாளும் வாதாடியதில்லை. இன்னொரு முறை கொடுத்தார்.

அரை மணித்தியாலத்துக்குள் சுட்டி உதட்டை நக்கத் தொடங்கியது. பிறகு வாயிலிருந்து நூல் நூலாக வீணீர். தோலுக்குள் ஏதோ ஓடித் திரிவது போல உடம்பெல்லாம் துடித்தது. நான்கு கால்களும் விறைக்க, நான் கை கழுவிய வாளிக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தது. அம்மா குழறி அழுதார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் போத்தலைப் பிடித்தபடி நின்றேன். பூச்சியைக் கொல்வது ஆட்டையும் கொல்லும் என்று எனக்குத் தெரியாது. மருந்து என்றால் நல்லது என்று மட்டுமே படித்திருந்தேன்.

மிருக வைத்தியர் வந்தபோது சுட்டிக்கு மூச்சு இல்லை. வயிற்றுக்குள் குட்டியும் அசையவில்லை. ஒழுங்கையே எங்கள் முற்றத்தில் நின்றது.

"என்ன நிறைக்குக் குடுத்தனீங்கள்?"

"அறுபதுக்கு ஐயா. ரெண்டு தரம்" என்றார் அப்பா.

"அறுபது கிலோவோ? எலும்பும் தோலுமாக் கிடக்கு, முப்பது கூட வராது!"

"கிலோ இல்லை ஐயா, இறாத்தல்."

பாணையும் இறைச்சியையும் இறாத்தலில் வாங்கி வளர்ந்தவர் அப்பா. இரண்டு இறாத்தலுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. நான் கிலோ மட்டுமே படித்தவள். அவர் இறாத்தல் என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

"நாலு மடங்கு குடுத்திருக்கிறியள். இது அளவு மிஞ்சினா நரம்பைப் பிடிக்கும், மெலிஞ்ச ஆடு தாங்குமே? கிலோ எண்டு பெரிசாப் போட்டிருக்கு. ஆர் இதை வாசிச்சது?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் வாயைத் திறந்தேன்.

"ஒருத்தரும் வாசிக்கேல்லை ஐயா" என்றார் அப்பா. "எனக்கு எழுத்துத் தெரியாது. கண்மட்டத்துக்கு ஊத்திப் போட்டன்."

முற்றத்தில் யாரோ 'ச்சீ' என்றார்கள். "பெட்டையிட்டக் கேட்டிருக்கலாமே விசரா" என்றார் பெரியப்பா. அப்பா தலையை ஆட்டினார். எனக்கு ஆடு செத்ததை விட, எழுத்துத் தெரியாது என்று அவர் சொன்னது அதிர்ச்சியாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் இதைப் போய்ச் சொல்வார்களா? அவர் மேல் எனக்கு வெட்கம் வந்தது.

அடுத்த நாளே பக்கத்து வீட்டு மாமி ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். நான் கையைக் கழுவினேன். கதிரையில் ஏறி இருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அப்பாவோடு கந்தோருக்குப் போனேன். ஒருவர் தாளை நீட்டினார். அப்பா சட்டைப் பையைத் தடவவில்லை. பெருவிரலை மையில் அழுத்தினார். நான் அவசரமாக முந்திக்கொண்டு, "அப்பா கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டார்" என்றேன்.

அப்பா அதைச் சொல்ல மறந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.