தேவகி அம்மா ஏற்றுக்கொண்ட பழி

மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. எங்கள் வார்டில் முன்பு ஆயாவாக இருந்த கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா சிஸ்டர், உங்களுக்குத் தெரியாதா? தேவகியம்மா பூட்டாங்க. நேத்தே எட்த்துட்டாங்க," என்றாள். வந்து நின்ற பஸ்ஸில் நான் ஏறவில்லை.

அடையாற்றில், நெடுநாள் நோயாளிகளுக்கான எங்கள் விடுதியில் என்னோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பெயர் எங்கள் வாயில் நுழையாததால் 'கைவேலை டீச்சர்' என்றோம். பக்கவாதத்தில் விழுந்தவர்களை, தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்குவது அவர் பணி. அவருக்கு முன்பிருந்தவர் எல்லாருக்கும் மணி கோக்கக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

தேவகி அம்மா வந்த வாரமே ராமலிங்கம் அந்த மணித்தட்டைத் தட்டிவிட்டார். தி. நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் புடவை விரித்துக் காட்டிய மனிதர். வலது பக்கம் முழுதும் செயலற்றுப் போயிருந்தது. தேவகி அம்மா அவரைக் கண்டிக்கவில்லை. முக்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு எதைச் செய்ய ஆசை என்று கேட்டார். குழறும் நாக்கில் பதில் வர நேரமாயிற்று. அதுவரை காத்திருந்தார்.

"என் வேட்டிய நானே கட்டணும். மக வரும்போது ஆயால்லா கட்டிவிடுதா."

மறுநாள் துணி அறைக்குள் போன நான் திகைத்து நின்றேன். தேவகி அம்மா தன் வலது கையைப் பேண்டேஜால் உடம்போடு கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, புடவைக்கு மேல் ஒரு வேட்டியை இடது கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியின் ஒரு முனையை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே அழுத்திப் பிடித்தால் மறு முனை கைக்கு வரும் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தார். ராமலிங்கம் அதைப் பழக இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது, தானே கட்டிய வேட்டியோடு கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பெண் வாசலிலேயே அழுதுவிட்டாள்.

அடுத்து ராமலிங்கம், துணையில்லாமல் குளியலறைக்குப் போக வேண்டும் என்றார். சூப்பரிண்டெண்டெண்ட் கூடாது என்றார். விழக்கூடும் என்று ராமலிங்கத்துக்கே தெரியும், தெரிந்துதான் கேட்கிறார் என்று தேவகி அம்மா வாதாடி அனுமதி வாங்கினார். தச்சரை அழைத்துச் சுவரில் கைப்பிடி அடிக்கச் செய்தார். காலையில் ராமலிங்கம் போகுமுன் குளியலறைத் தரை ஈரம் போகத் துடைத்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

ஒரு காலையில் நான் பார்க்கவில்லை. வேறொரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். ஈரத்தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பதினாறாம் நாள் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார்.

விசாரணையில் தரையைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "நடக்க அனுமதி வாங்கிக் கொடுத்தது நான்தான்," என்று மட்டும் தேவகி அம்மா சொன்னார். ராமலிங்கத்தின் மகள் அவரைப் பார்த்து, "அப்பாவக் கேட்டீங்க. அவர் போய்ட்டா என் கதி என்னன்னு என்னைக் கேட்டீங்களா?" என்றாள். "கேக்கலைம்மா," என்றார் அவர். அந்த மாதத்தோடு அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உங்களில் பலர் அவரைத் திமிர்பிடித்தவர் என்று பேசினீர்கள். நானும் அந்தப் பேச்சுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து, அசோக் நகரில் அவர் வீட்டைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். தரை ஈரமாக இருந்ததை அன்றே பார்த்துவிட்டதாகச் சொன்னார். என்னையும் அனுப்பிவிட்டால் அந்த வார்டில் யார் இருப்பார்கள் என்று நினைத்தாராம். பிறகு, "இப்போ அங்க யாராவது எழுந்து நடக்கிறாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அந்த விபத்துக்குப் பிறகு எல்லாக் கட்டில்களுக்கும் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு போட்டுவிட்டார்கள். அப்போதுதான் அவர் உடைந்துபோனார். காப்பி கலந்து கொடுத்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதை அவர் உயிரோடு இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்த நோயாளியையும் தொடுமுன் அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறேன். பெரும்பாலானவர்கள் கம்பியை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அதற்கு எனக்கு அதிகாரமில்லை.