பெரட்டைக் காணோம்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்பார்கள். நீலாயில் இருக்கும் செம்பனைத் தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அந்தப் பூசாரி, புனிதா. கணினியில் யாருக்கு எந்தத் திரை தெரியலாம், யார் எந்தக் கட்டத்தைத் தொடலாம், யார் தன் திரையை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அவள் கையில். ஒரு பட்டன் வேண்டுமென்றால் மேனேஜரே வந்து நிற்க வேண்டும். "பூசாரி அக்கா" என்று கேலி செய்தால் முன்பெல்லாம் சிரிப்பாள்.

இப்போது சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கணவன் சசிதரன் அதே கம்பெனியின் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை மேய்த்தவன். ஒருநாள் வேலை முடிந்து லோபாக்கில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் லாரி மோதிப் போய்விட்டான். கருமாதி முடிந்ததும் புனிதா வேலைக்கு வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தபந்தம் முணுமுணுத்தது. கல்லுக்காவது வெயில் சுடும். அவளுக்கு அதுவும் தெரியவில்லை.

தணிக்கை வருகிறது, வேலையில் இல்லாதவர்களின் கணக்குகளை அழித்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. மேலதிகாரி ஹேமநாதன் தயங்கித் தயங்கி வந்தார்.

"உங்க வீட்டுக்காரரோடத மட்டும் நான் செஞ்சிடவா, புனிதா?"

"வேணாம் சார். என் வேலதானே."

அழித்தாள். பிறகு டீ கலக்கப் போனாள்.

மறுநாள் காலையில் சசிதரன் இடத்துக்கு வந்திருந்த புஷ்பவள்ளி தோட்டத்திலிருந்து போனில் அலறினாள்.

"அக்கா, பெரட்டைக் காணோம்லா! வேற என்னமோ இங்கிலீஷ் திரை வருது. ஆளுங்க நிக்கிறாங்க!"

காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். வருகைத் திரைக்கும் அதே பெயரைச் சூட்டியவன் சசிதரன். திரையை மாற்றும் அனுமதி கேட்டு நச்சரித்து வாங்கினான். புனிதா சட்டத்தை வளைத்தது அந்த ஒரு முறைதான். "வந்து பாரேன், எப்டி செஞ்சிருக்கேன்னு" என்பான். அப்புறம் பார்க்கிறேன் என்பாள். பார்க்கவே இல்லை. தோட்டமே பயன்படுத்தினாலும் அவன் பெயரில் இருந்த திரை, அவன் கணக்கோடு போய்விட்டது.

"நீ சொல்லு, நான் திருப்பிச் செஞ்சு தர்றேன்" என்றாள்.

புஷ்பவள்ளி சொல்லச் சொல்லக் கட்டங்களை வரிசையாக வைத்தாள்.

"கடைசியா ஒண்ணு இருக்கும்க்கா. 'வீடு சேந்தாச்சா'ன்னு."

"அது என்னா?"

"எல்லாரும் மோட்டார்லதானே போறோம். வீட்டுக்குப் போனதும் அவருக்கு மெசேஜ் போடணும், டிக் பண்ணுவாரு. எல்லாருக்கும் போட்டப்புறம்தான் அவரே கெளம்புவாரு. வீட்டுக்கு வந்து தனக்கும் ஒண்ணு போட்டுக்குவாரு."

தினமும் கால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியைத் தட்டுவான். வந்ததும் வராததுமா போனா என்று அவளும் தினமும் திட்டுவாள்.

அந்தக் கட்டத்தையும் வைத்தாள். போனது திரைதான், பதிவுகள் உள்ளேயே கிடந்தன. சரிபார்க்க ஏதாவது ஒரு தேதியைத் தட்ட வேண்டும். விரல் அந்தத் தேதியைத்தான் தட்டியது.

எல்லாப் பெயருக்கும் டிக். கடைசிப் பெயர் சசிதரன். அங்கே கட்டம் காலி.

அதில் டிக் போட அவளுக்கு அனுமதி உண்டு. கம்பெனியில் எந்தக் கட்டத்தையும் அவள் தொடலாம். கை அதன்மேல் போய் நின்றது, பிறகு திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, பெரட்டு வந்துருச்சு! அங்க எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாரும் வீடு சேந்துட்டாங்க, புஷ்பா" என்றாள் புனிதா. "அவரு மட்டும் இன்னும் வரல."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. பூசாரி அக்கா அழுவதை அலுவலகம் அன்றுதான் பார்த்தது.