வரதராஜன் சாரின் வாய்ச்சொல்

செகந்திராபாத் சிவில் கோர்ட்டில் வரதராஜன் சார் வாய்தா கேட்டால் எந்த நீதிபதியும் அத்தாட்சி கேட்டதில்லை. இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். கட்சிக்காரருக்குக் காய்ச்சல் என்று அவர் சொன்னால் காய்ச்சல்தான். அவர் அறையிலேயே மேசை போட்டிருக்கும் வக்கீல் நான். அந்தப் பேரை வாங்க எனக்கு இன்னும் எத்தனை வருஷமோ.

2005இல் அவரிடம் கட்சிக்காரனாக வந்து சேர்ந்தான் குணசேகரன். சேலத்துக்காரன், சாஃப்ட்வேர் கம்பெனி உத்தியோகம். மௌலா அலியில் அவன் வாங்கிய மனைக்குள் பக்கத்துக்காரன் ஆறடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டான். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன்தான். வக்கீல் வைத்தாயிற்று, இனி அவர் பாடு என்று நினைத்துவிட்டான் போல. அவன் கூண்டேறிச் சாட்சி சொல்லாமல் வழக்கு எப்படி நகரும்? அவனுக்குப் பதிலாக இவரா போய் நிற்க முடியும்?

போன் அடித்தால் எடுக்க மாட்டான். கடிதத்துக்குப் பதில் கிடையாது. ஒரே ஒரு முறை, அமெரிக்கா போகிறேன், திரும்ப எட்டு மாதமாகும் என்று செல்போனில் செய்தி அனுப்பினான். அதை நம்பி, கட்சிக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி சார் மூன்று வாய்தா வாங்கினார். மூன்றாவது முறை நீதிபதி முகம் சுளித்தார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருக்கிறானே, வக்காலத்தை விட்டுத் தொலையுங்கள் சார் என்றேன்.

"நக்கோ, வேணாம் ஸ்டெல்லா. எடுத்த கேஸ நடுவுல விட்டதே இல்லம்மா."

இன்னும் ஒரு மாதம் இழுத்துவிட்டு, மனசில்லாமல்தான் விலகல் நோட்டீஸ் எழுதினார். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையையோ திரும்பி வந்த கவரையோ கோர்ட்டில் காட்ட வேண்டும். ஆள்தான் அமெரிக்காவில் இருக்கிறானே, கவர் எப்படியும் திரும்பும் என்று உள்ளூர் விலாசத்துக்கே போட்டார்.

மூன்றாம் நாள் ஒப்புகை அட்டை வந்தது. குணசேகரனே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதியிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்றதும் உடனே எடுத்தான், படுபாவி.

"அந்த ட்ரிப் அப்பவே கேன்சல் ஆயிடுச்சுங்க மேடம். சொல்ல மறந்துட்டேன்."

அதை அப்படியே சாரிடம் சொன்னேன். "மூணு தடவ கோர்ட்ல பொய் சொல்லியிருக்கேன் ஸ்டெல்லா" என்றார். பொய் அவனுடையது, உங்களுடையது இல்லை என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை.

மறுநாள் அட்டையைக் கொடுத்துவிட்டு, நீதிபதி கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நீதிபதி அட்டையின் தேதியைப் பார்த்தார். விலக அனுமதி எழுதிக் கொடுத்தார். போகட்டும், சனியன் விட்டது என்று நான் மூச்சுவிட்டேன்.

அன்றே அடுத்த வழக்கிலும் சார்தான். கட்சிக்காரர் நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வாய்தா வேண்டும் என்றார். அது சத்தியமான உண்மை. முந்தைய சாயங்காலம் நானும்தான் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீதிபதி தலை நிமிராமல், டாக்டர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்.