கப்பலின் பெயரை மகனுக்கு வைத்தேன்

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன். பேனாவை எடுப்பேன்... குசினியில் குக்கர் கூப்பிடும், எழுந்து போய்விடுவேன். குக்கர் வெறும் சாட்டு. உண்மையான காரணம், முழுக்கதை எனக்கே தெரியாது. ஆரென்று தெரியாத ஒரு மனிதரைப் பற்றி எப்படிச் சாட்சி சொல்வது?

போன கிழமை தெரிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் மூத்த மகனைத் தெரியும். ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்கிறான். பெயர் ஒன்னோ. "அதென்ன அக்கா, அப்படியொரு பெயர்?" என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று மழுப்பவில்லை.

நானும் என் மனுசனும் மன்னார்க் கரையில் பிறந்தவர்கள். எங்கள் பக்கத்தில் வள்ளத்துக்குப் புனிதர் பெயர்தான் வைப்பார்கள். அந்தோனியார், செபஸ்தியார், யாகப்பர்... பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் வள்ளம் தண்ணீரில் இறங்கும். கடலில் போகிற எதற்கும் ஒரு புனிதர் காவல் — சின்ன வயதிலிருந்து எனக்கு அப்படித்தான் தெரியும்.

நாட்டை விட்டு வந்தபோது, "இத்தாலிக்கு" என்று சொல்லி எங்களை ஏற்றிய வள்ளத்தில் பெயர் இருந்த இடத்தைத் தார் பூசி அழித்திருந்தார்கள். காவலுக்கு ஒரு புனிதரும் இல்லாத வள்ளம் என்று அப்போதே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது.

அந்தக் காலைப்பொழுது இன்னமும் கனவில் வருகிறது. அலையே இல்லை. ஒரே பனிப்புகை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது? தெரியவில்லை. நாங்கள் எதன்மேல் இருக்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை... ஏதோ ஒன்றின் நடுவில் கட்டித் தொங்கவிட்டது போல. குடிக்கத் தண்ணீர் முடிந்துவிட்டது. கடலிலேயே வளர்ந்த என் மனுசன் சத்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார். என் வயிற்றில் பிள்ளை.

"எந்தப் புனிதர் வந்து தூக்கிவிடுகிறாரோ, அவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைப்பேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

பனிப்புகைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் சுவர் வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. பெரிய கப்பல். கயிற்று ஏணி இறங்கியது. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். மேலே ஏறும்போது அந்த இரும்பில் எழுத்துகளைக் கண்டேன். இரண்டு வட்டம், நடுவில் இரண்டு கோணல் எழுத்து. ஒன்னோ. பிறகும் ஒரு சொல் இருந்தது, கண்ணீரில் அது தெரியவில்லை.

புனிதர் ஒன்னோ வந்துவிட்டார் என்று நினைத்தேன். வேறெப்படி நினைப்பேன்?

ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பிறகு மகன் பிறந்தான். பெயரைப் பதியும் அலுவலகத்தில் இருந்த பெண்மணி என் முகத்தையும் பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அது வடகடல் கரைக்காரர் வைக்கிற பெயராம். ஞானஸ்நானத்தில் சுவாமி, "இவர் எந்த ஊர்ப் புனிதர்?" என்று கேட்டார். "இந்த ஊர்க்காரர்தான் சுவாமி" என்றேன். அவர் அன்ரனி என்று இரண்டாவது பெயரையும் சேர்த்துவிட்டார். நான் மட்டும் ஒவ்வொரு வருடமும் கெவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போகும்போது மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி, ஒன்னோவுக்கு ஒரு மெழுகுதிரி.

இப்போது மருமகளுக்கு இது ஏழாம் மாதம். ஒரு ஞாயிறு மகன் வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தான். தட்டைத் தொடவில்லை.

"அம்மா, உங்களை ஏத்தின கப்பல் போர்க்கப்பல் எல்லோ?"

"ஓம், அதுக்கென்ன?"

"வேலையில ஒருத்தன் சொன்னான். முந்தி இங்க போர்க்கப்பலுக்கு ஹிட்லரின்ர காலத்து ஆக்களின்ர பேரும் வைச்சவங்களாம். அந்த ஒன்னோ ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"புனிதர் ராசா..."

"அப்பிடி ஒரு புனிதர் இல்லையம்மா. நான் தேடிப் பாத்திட்டன்."

என் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"எங்கட வழக்கப்படி என்ர பேர்தானே பிள்ளையின்ர பேரோட வரப்போகுது? ஆரோ ஒரு கொலைகாரன்ர பேரைப் பிள்ளைக்குக் குடுக்க என்னால ஏலாது. அப்பிடியெண்டா பிள்ளை பிறக்க முதல் மாத்திறதுக்கு அலுவலகத்தில அன்ராக் எழுதிக் குடுக்கப்போறன். கோவிக்காதேங்கோ."

கோபிக்க என்ன இருக்கிறது? பெயர் வைக்கும்போது ஓசை பார்க்கிறோம், எண் பார்க்கிறோம், அர்த்தம் பார்க்கிறோம். அந்தப் பெயரை எங்களுக்கு முன்னர் சுமந்தவர் யார் என்று பார்க்கிறோமா?

வடக்கே ஒரு துறைமுகத்தில் அந்தக் கப்பலின் மிச்சங்களைச் சின்னக் காட்சிச்சாலையாக வைத்திருக்கிறார்கள் என்று மகன் கண்டுபிடித்தான். நானும் மனுசனும் மகனுமாகப் போன கிழமை ரயிலேறினோம். வழியெல்லாம் செபமாலை உருட்டினேன். "ஆண்டவரே, அவர் நல்லவராக இருக்கட்டும்" என்று... முடிந்துபோன ஒரு வாழ்க்கையை மாற்றச் சொல்லி மன்றாடினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அங்கேயும் பனிப்புகைதான். கடலைக் காணவில்லை, அதன் மணம் மட்டும் வந்தது. கதவைத் திறந்தவர் கொக்குப் போல நெடுத்த ஒரு முதியவர். ஹார்ம்ஸ் என்று கைகொடுத்தார். அந்தக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவராம். மகனும் கைகொடுத்தான். "அன்ரனி" என்று மட்டும் சொன்னான்.

எனக்குள் ஏதோ ஒடிந்தது.

உள்ளே கப்பலின் மணி, சுக்கான் சக்கரம். சுவரில் அந்த இரும்பு எழுத்துகள். அதே இரண்டு வட்டம். தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தது. ஹார்ம்ஸ் கதை சொன்னார். மகன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

அது காவல் கப்பல். சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போவதுதான் அதன் வேலை. ஓடின காலம் முழுவதும் அது யாரையும் நோக்கிச் சுட்டதில்லை. வயதாகிப் போய் உடைத்துவிட்டார்கள்.

"பேர் ஆரின்ரயாம்? அதைக் கேள்" என்றேன்.

"ஒன்னோ தீடென். குசினிக்காரனாம் அம்மா."

"என்னது?" என்றார் என் மனுசன். "இவ்வளவு காலமும் ஒரு குசினிக்காரனுக்கோ நீர் மெழுகுதிரி கொளுத்தினனீர்?"

"உமக்குச் சோறு போடுறதும் ஒரு குசினிக்காரிதான். பேசாம நில்லும்."

மகன் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தது. "ஹிட்லரின்ர போரிலதானாம். அந்தக் கடற்படையிலதானாம்."

நான் மணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஹார்ம்ஸ் நிறுத்தவில்லை. ஒன்னோ இருந்ததும் ஒரு சின்னக் காவல் கப்பல்தான். எதிரியின் கப்பல் ஒன்று தண்ணீருக்குள் தாண்டுபோனது. எண்ணெய் மிதந்த தண்ணீரில் ஆட்கள் கத்தினார்கள். காவல் கப்பல் நிற்கக் கூடாது, அதுதான் கட்டளை. நின்றால் துணைக்குப் போகும் கப்பல்களுக்கு ஆபத்து. திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தபோது ஒன்னோ ஒரு சின்னப் படகை இறக்கி அதற்குள் குதித்துவிட்டான், சமைக்கிற ஏப்ரனோடு. கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவன் எதிரிகளைத் தூக்கித் தூக்கிப் படகில் போட்டான். மீன்பிடி வள்ளம் ஒன்று அவர்களைக் கண்டபோது தூக்கப்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். ஒன்னோ குளிரில் விறைத்துச் செத்திருந்தான்.

"இவையின்ர பக்கம் அவரை ஓடிப்போனவன் எண்டு எழுதிவைச்சவையாம். போர் முடிஞ்சு, அவர் காப்பாத்தின ஆக்கள் வந்து சொன்ன பிறகுதானாம் எல்லாருக்கும் தெரியும்."

பிறகு மகன் தானாகவே ஒரு கேள்வி கேட்டான். ஒன்னோ தீடெனுக்கு ஹிட்லரைப் பிடிக்குமா?

முதியவர் சொன்னதை மகன் மெதுவாகச் சொன்னான்.

"தெரியாதாம். தெரியும் எண்டு சொல்லுறவனை நம்பாதை எண்டுறார். ஒரு போதகர், ஒன்னோ செபம் சொல்லிக்கொண்டு குதிச்சவர் எண்டு எழுதினாராம். கடற்படைக்காரர் தாய்நாட்டுக்காகச் செத்தவர் எண்டு எழுதினவையாம். ஆள் நல்லாக் குடிப்பாராம், சண்டையும் பிடிப்பாராம். 'தண்ணியில ஆக்கள் கிடந்தவை. படகு இருந்தது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்' எண்டுறார்."

எனக்கு அதற்குமேல் பேசாமல் நிற்க முடியவில்லை. கன்ரீன் குசினியில் பழகிய என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன் — உங்கள் கப்பல் எங்களை ஏற்றியது, சின்ன வள்ளம், பனிப்புகை, நான் கர்ப்பிணி.

ஹார்ம்ஸ் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவர் கீழே எஞ்சின் அறையில் நின்றாராம். எங்கள் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து சொன்னார்களாம். ஏன் என்று கேட்டாராம். "ஆட்களை ஏற்றுகிறோம்" என்றார்களாம். அவர் நிறுத்தினாராம். எங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த எஞ்சின் நின்ற அமைதி மட்டும்தான்.

மகன் அவர் முன்னால் போய் நின்று இன்னொருமுறை கையை நீட்டினான்.

"நான் சரியாச் சொல்லேல்லை. என்ர பேர் ஒன்னோ. அண்டைக்கு அம்மாவின்ர வயித்தில இருந்தது நான்தான்."

முதியவர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"ஏற்றியவர்களைக் கணக்கெடுத்தபோது உன்னை நாங்கள் எண்ணவில்லையே" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் மகன் மருமகளுக்குப் போன் எடுத்தான். "பேர் அப்பிடியே இருக்கட்டும்" என்றான். ஜன்னலில் தலை சாய்த்து, சின்னப்பிள்ளை போலத் தூங்கிவிட்டான். வெளியே வயலெல்லாம் பனிப்புகைக்குள் மிதந்துகொண்டு போயின.

நான் செபமாலையை எடுத்தேன். இவ்வளவு காலமும் ஒன்னோவிடம் வேண்டினேன். இனி ஒன்னோவுக்காக வேண்டுகிறேன்.

இதை வாசித்துவிட்டு யாருக்காவது சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள். ஹிட்லரின் கடற்படைச் சீருடையையும் மறைக்க வேண்டாம், அந்தக் குடியையும் மறைக்க வேண்டாம். தயவுசெய்து அவரைப் புனிதராக்கிவிடாதீர்கள் — அந்த வேலையை நான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன்!