பெரிய தாம்பாளம்

ஆட்டோ ஓட்டுவதில் இடது காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. கிளச்சும் கியரும் இடது கையில், அக்சிலேட்டர் வலது கையில், பிரேக் வலது காலில். நான் மிதித்த கண்ணிவெடிக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது என்று சொன்னால் குண்டசாலை ஸ்டாண்டில் எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவிக்கு மட்டும் இந்தப் பகிடி பிடிக்காது.

நான் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தமிழன் எப்படி ஆர்மியில் என்று கேட்காத பயணி இல்லை. லொறி ஓட்டத் தெரியும், சிங்களம் தெரியும், தோட்டத்தில் நிற்க மாட்டேன் என்ற பிடிவாதமும் இருந்தது. சாரதியாகச் சேர்ந்தேன், முழங்காலுக்குக் கீழே ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் யாராவது நோண்டினால் இறங்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். மற்றபடி குறை ஒன்றுமில்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மத்தியானம் வீட்டுச் சோறு, அரை மணி நேரத் தூக்கம். இதைவிட மனுஷனுக்கு என்ன வேண்டும்?

ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்தக் கால் மறுபடி எனக்கு ஒரு பிரச்சினையானது. எங்கள் வழக்கத்தில், தாலி கட்டுவதற்கு முன் பெண் தன் தாய் தகப்பனின் பாதங்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிடுவாள். பாத பூசை என்பார்கள். தகப்பன் உயிரோடு இருக்க வேறு யாரும் அதற்கு உட்கார முடியாது. எனக்கோ இருப்பது ஒரு பாதம்.

என் பழைய பொய்க்கால் சப்பாத்துக்கென்றே செய்த கால். அதன் குதி உயரத்துக்குப் பொருத்தியது, சப்பாத்தைக் கழற்றினால் உடம்பு பின்னால் சாயும். ஒரு தடவை கோயில் வாசலில் ஒருவர் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி விடாமல் நச்சரித்தார். எனக்கு ஏறிவிட்டது. முழுக் காலையும் கழற்றி, செருப்பு வைக்கும் இடத்தில் கொடுத்து, நம்பர் துண்டு வாங்கிக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்து நொண்டியடித்தே உள்ளே போனேன். சாமி சிரித்திருக்கும். மனைவி வீடு வந்து சேரும் வரை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொள்வேன்.

இப்போது கல்யாணமே கோயிலில். மகளோடு வெறுங்காலில் மணவறை வரை நடக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மல்லாக்க விழக் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன்பே கால் செய்யும் இடத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்பவர் சிங்களவர், என்னைப் போல ஆர்மியை விட்டு வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ரப்பர் பாதம் ஒன்றைக் கொண்டுவந்தார். விரலெல்லாம் இருந்தது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், தண்ணீர் பட்டாலும் பரவாயில்லை என்றார். என் நிறத்தில் மட்டும் கிடைக்கவில்லை, நல்ல வெள்ளை.

"யாராச்சும் கேட்டா, ஒரு கால் மட்டும் வெளிநாடு போயிட்டு வந்துருக்குன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி.

முதல் நாள் அலுமாரியில் மோதினேன். மூன்றாவது கிழமை குசினி அடுப்படியிலிருந்து கேட் வரைக்கும் யாரையும் பிடிக்காமல் நடந்தேன். ஒரு குறை மட்டும் தீரவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் முழங்காலை முழுக்க மடங்க விடாமல் விளிம்பு இடிக்கும், பழைய காலைப் போலவே இதுவும் மற்றக் காலோடு சேர்ந்து நிற்காமல் ஒரு சாண் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அதில் தடுக்கி விழப் பார்க்காதவர் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்திய கிழமை, பித்தளைத் தாம்பாளம் வாங்க மகளைப் பிலிமத்தலாவைக்குக் கூட்டிப்போனேன். ஒரே கடையில் வாங்கிக்கொண்டு வரும் சாமான் அது. அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தாம்பாளத்தையும் சாண் போட்டு அளந்து, "இதைவிடப் பெருசு இல்லையா?" என்று கேட்டாள். நாலாவது கடையில் என் பொறுமை போய்விட்டது.

"யானைக்கா சோறு போடப் போற?"

"நீங்க போய் ஆட்டோவுல உக்காருங்கப்பா," என்றாள்.

கடைசியில் வாங்கியதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, தாம்பாளம்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். "உசிருள்ள பாதத்துக்குச் செஞ்சா போதுங்க. மத்ததை வேட்டியால மூடிக்கிடுங்க," என்றார். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ரப்பரைக் கும்பிடச் சொல்லி யாரைக் கேட்பது? சரி என்றுவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து மணவறை வரை நடந்தேன், விழவில்லை. கதிரையில் உட்கார்ந்து வலது பாதத்தைத் தாம்பாளத்தில் வைத்தேன். இடதை வெளியே தள்ளி வேட்டியை இழுத்து மூடினேன். மகள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள், தண்ணீர் ஊற்றவில்லை.

"ரெண்டு காலையும் வைங்கப்பா."

"ஐயர் ஒண்ணு போதும்னாரும்மா."

"எனக்குப் போதாது. நீங்க எப்பிடி உக்காருவீங்கன்னு பார்த்துத்தானே அளந்து வாங்குனேன்."

வேட்டியை விலக்கி, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி அவளே வைத்தாள். ஒரு சாண் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது, அப்படியும் தாம்பாளத்துக்குள்தான் இருந்தது. ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். அவள் இரண்டையும் ஒரே மாதிரி கழுவினாள். ரப்பர் விரல்களின் இடுக்கில்கூடத் தண்ணீர் விட்டுத் துடைத்து மஞ்சள் பூசினாள். நான் அழுதேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

வலது காலில் மஞ்சள் மூன்று நாளில் போய்விட்டது. ரப்பர் அதைக் குடித்துக்கொண்டது. மனைவி சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வந்தபோது தொடாதே என்று சத்தம் போட்டேன். இப்போது சப்பாத்தை விட்டுவிட்டுச் செருப்புப் போட்டுத்தான் ஆட்டோ ஓட்டுகிறேன். அதென்ன காலில் மஞ்சள் என்று பயணிகள் கேட்கிறார்கள். கேட்டால், அவர்கள் இறங்கும் வரை நான் வாயை மூடுவதில்லை.